மாமாவின் பிஎம்எக்ஸ்: எதைப் புதுப்பிப்பது, எதை விட்டுவைப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். உப்புவெளியில் கடலுக்குக் கிட்டிய வீடு. கேட்பவரின் தாய்மாமன் தொண்ணூறுகளின் கடைசியில், ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பாவித்த சைக்கிள்களுக்குள் ஹாரோ நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் பிஎம்எக்ஸ் (வித்தை காட்டுவதற்கான சிறிய சக்கரச் சைக்கிள்) ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார். சாய்தளம் எதுவும் இல்லாத ஊரில், சீமெந்து போட்ட விளையாட்டுத் திடலில் தானாகவே பழகி, முன்சக்கரத்தில் நின்று சுழலும் அளவுக்குத் தேறியிருக்கிறார். தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கப் பிஎம்எக்ஸ் வீரர் டேவ் மிராதான் அவருடைய நாயகன். மாமா இப்போது இல்லை. சைக்கிள் நெடுங்காலமாகக் கொட்டிலில் துருவேறிக் கிடக்கிறது. நீலப் பெயின்ற் பாதி உரிந்துவிட்டது. அவருடைய நினைவு நாளுக்கு அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, மிரா ஓட்டிய சைக்கிளின் வண்ணத்தையே பூசிவிட வேண்டும் என்று மருமகன் விரும்புகிறார். திருகோணமலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. சில உதிரிப்பாகங்களை வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் ஊரிலேயே ஆகும். ஆனால் மிராவின் வண்ணத்தை மட்டும் பூச வேண்டாம்.

மிரா சின்ன ஆள் இல்லை. 1974இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். 1993இல் குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி, மண்டையோடு உடைந்து படுத்த படுக்கையாகிப் பின்னர் எழுந்து வந்தவர். எக்ஸ் கேம்ஸ் எனப்படும் சாகச விளையாட்டுப் போட்டிகளில் 24 பதக்கங்கள் வென்றார். அவற்றில் 14 தங்கம். 2000ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸில் சைக்கிளோடு காற்றில் பின்புறமாக இரண்டு கரணம் அடித்து இறங்கினார். போட்டி ஒன்றில் அதை முதலில் செய்து காட்டியவர் அவர்தான். 2016 பெப்ரவரியில், 41 வயதில் இறந்தார். அவருடைய பெயர் பொறித்த சைக்கிள்களை ஹாரோ நிறுவனமே செய்து விற்றது. மிராவின் சைக்கிள் வேண்டும் என்பவர் பணம் சேர்த்தால் இன்றைக்கும் ஒன்றை வாங்கிவிடலாம். உங்கள் மாமாவின் சைக்கிளை எங்கே போய் வாங்குவீர்கள்?

இன்னொன்றும் உண்டு. மிரா புகழ்பெற்றது செங்குத்துச் சாய்தளங்களிலும் மேடை அமைத்த போட்டித் திடல்களிலும். மாமா செய்தது ஃபிளாட்லாண்ட், அதாவது சமதரை வித்தை. அதற்கு மரப்பலகை அடித்த மேடை வேண்டாம், காசும் வேண்டாம், வழுவழுப்பான ஒரு துண்டுத் தரை போதும். அதனால்தான் அது திருகோணமலை வரைக்கும் வர முடிந்தது. இரண்டும் வெவ்வேறு கலைகள். சைக்கிளில் அவை விடும் தேய்மானமும் வெவ்வேறு. மிராவின் வண்ணத்தைப் பூச வேண்டுமானால் முதலில் மாமா விட்ட தேய்மானத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். நினைவுச்சின்னம் என்று சொல்லிக்கொண்டு அதையா செய்வது?

அந்தத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சக்கர அச்சின் முனைகளில் திருகப்பட்டிருக்கும் உருளைகளைப் பெக் என்பார்கள். வித்தைக்காரன் ஏறி நிற்பது அதன்மேல்தான். முன்சக்கரத்தின் இரண்டு பெக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ, மாமாவுக்குக் கைவந்த பக்கம் அது. அடுத்து முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் போர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையே, ரயருக்கு மேலே உள்ள இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ற் வழித்தெடுத்ததுபோலப் போயிருந்தால், சப்பாத்தின் அடியால் ரயரைத் தேய்த்துத் தேய்த்துச் சைக்கிளை நகர்த்தும் வித்தையை அவர் நிறையப் பழகியிருக்கிறார். பிறேமின் மேற்குழாயில் ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால், காலைத் தூக்கி மறுபக்கம் கொண்டுபோகும்போது ஒவ்வொரு முறையும் உரசிய இடம் அது. ஹாண்டிலின் நுனிகள் சீமெந்தில் அரைபட்டிருக்கும். அவை விழுந்த விழுகைகள். சீற்றின் பின்விளிம்பு கிழிந்திருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

எனவே ஒரு துணியைக்கூட நனைப்பதற்கு முன்னர், பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஹாண்டில் எவ்வளவு முன்னே சாய்ந்திருக்கிறது, சீற் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பிறேக் பிடி கைப்பிடியிலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் அளந்து குறித்துவையுங்கள். அவருடைய கை நீளத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் ஏற்ப அவரே வைத்த அளவுகள் அவை. கழற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது. பெக்குகளில் இடம், வலம் என்று சீட்டு ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது உப்பு. நம் ஊரில் துருவைவிட முதல் எதிரி அதுதான். துருவைச் சுரண்டிவிட்டு உப்பை உள்ளே விட்டால் ஒரு மாரி முடிவதற்குள் மீண்டும் பூத்துவிடும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இருப்பதால் குடிக்கிற தண்ணீரால் கழுவுங்கள். சவர்க்காரம் போட்டுப் பலமுறை கழுவி, குழாய்களின் உள்ளேயும் ஊற்றி, கவிழ்த்து வடியவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறேமின் பின் குழாய்களில் ஊசித்துளை அளவில் ஓட்டைகள் தெரியும். அவை துருத் துளைகள் அல்ல. வெல்டிங் செய்யும்போது உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறுவதற்காகத் தொழிற்சாலையிலேயே இட்டவை. உப்புக்காற்று நுழைந்ததும் அவற்றின் வழியேதான். அவற்றை அடைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அவற்றின் வழியாகவே ஆளிவிதை எண்ணெயைச் சிறிது விட்டு, பிறேமைச் சுழற்றி உள்ளே பரவச் செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

மேல்துருவுக்குப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை. குரோம் பூச்சு உள்ள இடங்களை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து உருட்டித் தேய்த்தாலே பாதி போய்விடும். சிறிய போல்ற்றுகள், நட்டுகளை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, சோடா மாவு கலந்த தண்ணீரில் அலசி, உடனே எண்ணெய் தடவுங்கள். கழிவறை கழுவும் அசிட்டை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். துருவோடு சேர்த்துக் குரோமின் அடியில் உள்ள இரும்பையும் அது தின்றுவிடும், அதன் புகை பக்கத்தில் இருக்கும் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரை மணலை அடித்துப் பெயின்ற் உரிக்கும் யோசனையும் வரும். அந்த மணலில் உப்பு இருக்கிறது, அதன் தூசு நுரையீரலுக்கும் ஆகாது.

இனிக் கழற்றும் வேலை. இங்கேதான் பலர் பிறேமை உடைத்துக்கொள்கிறார்கள். சீற் தாங்கும் குழாய் அலுமினியமாக இருந்தால், அது இரும்புப் பிறேமோடு இறுகிப் பிடித்திருக்கும். இரண்டு உலோகங்களும் உப்பீரத்தில் சேர்ந்து இருந்தால் அப்படித்தான் ஆகும். கராஜுக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாகத் தீ காட்டுவார்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிறேமோடு சேர்த்து அதுவும் சூடானால் இன்னும் இறுகும், பெயின்றும் போகும். மாறாக அதைக் குளிரவையுங்கள். ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டு ஊறவைத்தபின், மீன்வாடியிலிருந்து ஒரு கட்டி ஐஸ் வாங்கிப் பொடித்து, மேலே நீட்டியிருக்கும் குழாயைச் சுற்றியும், அதன் வாய் திறந்திருந்தால் உள்ளேயும் நிரப்புங்கள். அலுமினியம் சுருங்கியதும் இருவர் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். இந்த ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

ஹாண்டிலைத் தாங்கும் தண்டுக்கு உள்ளே அதை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு ஒன்று இருக்கும். மேலே உள்ள போல்ற்றை நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு கீழே இறங்கும். பிறகு தண்டு வந்துவிடும். போல்ற்றை முழுவதும் கழற்றிவிட்டு இழுப்பவர்கள் ஆப்பை உள்ளேயே விட்டுவிட்டுத் திண்டாடுவார்கள்.

பெடல்களைத் தாங்கிச் சுழலும் கிராங் ஒரே துண்டு இரும்பாக, ஒரு பெடலிலிருந்து மறு பெடலுக்கு வளைந்து போவதாக இருந்தால் இடப்பக்கம்தான் எல்லாம் நடக்கும். இடப் பெடல், இடப்பக்கத்து நட், அதற்கு உள்ளே போல்ஸ்களை (இரும்புக் குண்டுகளை) இறுக்கும் கோன் மூன்றுக்கும் புரி தலைகீழ். மணிக்கூட்டு முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். முதலில் பெடலை எடுத்து, பின்னர் நட், கோன், போல்ஸ் என்று வரிசையாக எடுத்து, கிராங்கைச் சரித்து வலப்பக்கத்தால் உருவுங்கள். இந்த வகைக் கிராங்கின் பெடல் புரி அரை அங்குலம். நம் சைக்கிள் கடைகளில் விற்கும் சாதாரணப் பெடல் 9/16 அங்குலம், அதைவிடத் தடிப்பானது. கடைக்காரர் வலிந்து ஏற்றப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். மூன்று துண்டுக் கிராங்காக இருந்தால் 9/16 பொருந்தும்.

எல்லாம் கழன்றபின் உயிர்ச்சோதனை. தேய்மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன். ஆனால் ஆளைத் தாங்கும் பாகங்களில் இரக்கம் பார்க்கக்கூடாது. பிறேமின் தலைக்குழாயோடு மேல், கீழ்க் குழாய்கள் சேரும் வெல்டிங் விளிம்புகள், போர்க்கின் தண்டு அடிப்பகுதி, ஹாண்டிலைப் பிடி இறுக்கும் நடுப்பகுதி ஆகிய மூன்றையும் துடைத்து மண்ணெண்ணெய் பூசுங்கள். சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். பழைய மெக்கானிக்குகளின் முறை, இன்றும் உதவும். கைப்பிடி ரப்பர்களை வெட்டி எடுத்து ஹாண்டில் குழாயின் உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். வியர்வையும் உப்பும் தங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய் உள்ளே கரைந்திருக்கலாம். கூரான ஊசியால் பிறேமின் அடிப்பகுதிகளைக் குத்திப் பாருங்கள். ஊசி உள்ளே போனால் அந்தச் சைக்கிள் சுவருக்கு மட்டும்தான், சவாரிக்கு அல்ல.

வெடிப்புக் கண்டால் வெல்டிங் பட்டறைக்கு ஓடவேண்டாம். இத்தகைய நல்ல பிறேம்கள் 4130 எனப்படும் குரோமோலி உருக்குக் குழாய்களால் ஆனவை. குழாயின் சுவர் ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் பயன்படும் குச்சி வெல்டிங் அதை எரித்து ஓட்டையாக்கும், அல்லது பக்கத்து உலோகத்தை நொறுங்கும் தன்மைக்கு ஆக்கிவிடும். மெல்லிய குழாய்களுக்கு ஏற்ற டிக் வெல்டிங் தெரிந்த கைகாரர் கிடைத்தால் சிறு பாகங்களைச் செய்விக்கலாம். தலைக்குழாயில் வெடித்ததை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

இனிப் பொருட்கள். ரயர் எளிது. பிஎம்எக்ஸின் 20 அங்குல ரிம்மின் அளவு 406 மில்லிமீற்றர். சிறுவர் சைக்கிள்களுக்கு வரும் 20 தர 1.75, 20 தர 1.95, 20 தர 2.125 ரயர்கள் அதற்குப் பொருந்தும். 20 தர 1 3/8 என்று பின்னத்தில் எழுதியிருப்பது வேறு ரிம்முக்கு, 451 மில்லிமீற்றருக்கு உரியது. இரண்டும் இருபது என்று சொல்லி மாற்றித் தந்துவிடுவார்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 406 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சமதரை வித்தைக்கு வழுவழுப்பான ரயர் நல்லது, அதைக் காற்று இறுக்கமாக வைத்து ஓடுவார்கள். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃபிரீவீலின் புரி நம் பெரிய சைக்கிள்களில் வருவதேதான். பிஎம்எக்ஸில் வழக்கமாக 16 பல், உள்ளூரில் 18 பல் கிடைக்கும், அதுவும் ஏறும். மிதி சற்று இலகுவாகும், அவ்வளவுதான். செயின் தடித்த, 1/8 அங்குல வகை. சக்கரத்தில் 48 கம்பிகள் இருந்தால் அந்த ரிம்மைப் பத்திரமாக வைத்திருங்கள். உள்ளூர்க் கடைகளில் அந்தத் துளைக்கணக்குக்கு ரிம் எளிதில் கிடைக்காது. கம்பி இழுக்கத் தெரிந்த பழைய கடைக்காரரிடம் கொடுத்து நேராக்கலாம்.

ஹாண்டில் தண்டுதான் பொறி வைத்த இடம். சாதாரண சைக்கிளின் தண்டு 22.2 மில்லிமீற்றர். பழைய அமெரிக்க அளவுப் பிஎம்எக்ஸ் போர்க்குகளுக்கு 21.1 வேண்டும். ஒரு மில்லிமீற்றர்தானே என்று அடித்து ஏற்றினால் போர்க் வெடிக்கும். எதிர்மாறாகச் சிறியதைப் பெரியதில் போட்டுத் தகரம் சுற்றினால் வித்தையின் நடுவில் ஹாண்டில் தனியே சுற்றும். வேர்னியர் அளவுகோலால் அளந்தபிறகே எதையும் எடுப்பியுங்கள். பெக் ஒன்று காணாமல் போயிருந்தால் கவலையில்லை. மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் இருக்கும் பெக்கை மாதிரியாகக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். அச்சு 3/8 அங்குலமா 14 மில்லிமீற்றரா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பிறேக். தலைக்குழாயில் ஒரு சுழல்தட்டு இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஜைரோ. ஹாண்டிலை எத்தனை முறை சுற்றினாலும் பின் பிறேக் கேபிள் முறுகாமல் இருக்கச் செய்யும் அமைப்பு. எண்பதுகளின் நடுவில் வந்தது, வித்தையின் போக்கையே மாற்றியது. மேலிருந்து இரட்டைக் கேபிள், கீழே இரட்டைக் கேபிள், நடுவில் போல்ஸ் வைத்த தட்டு. தட்டைக் கழுவி எண்ணெயிட்டுத் திரும்பப் போடலாம். தட்டு ஒரு பக்கம் சாயாமல் கிடையாக எழும்பி இறங்கும்வரை கேபிள்களைச் சரிசெய்ய வேண்டும்; பொறுமை வேண்டிய வேலை. அந்த இரட்டைக் கேபிளை மட்டும் ஊரில் ஈயம் பற்றவைத்துச் செய்யாதீர்கள், புதிதாகவே எடுப்பியுங்கள். முன் பிறேக்கின் கேபிள் ஹாண்டில் தண்டின் துளையுள்ள போல்ற்றின் ஊடாகக் கீழே இறங்கும். அதுவும் கேபிள் சிக்காமல் இருக்கத்தான்.

பெயின்றைப் பற்றி என் யோசனை: முழுவதும் பூச வேண்டாம். உரிந்து வெறும் இரும்பு தெரியும் இடங்களில், குறிப்பாகக் கிராங் பகுதியின் அடியிலும் பின் குழாய்களிலும், எமரித் தாளால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிறைமர் வைத்து, அதே நீலத்தைக் கார் பெயின்ற் கடையில் கலக்கச் சொல்லித் தொட்டுவிடுங்கள். மாமா உரசித் தேய்த்த மேற்குழாயையும் போர்க்கையும் மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள். மேலே தெளிந்த வார்னிஷ் அடித்தால் அழகாக இருக்கும் என்பார்கள். உள்ளே கொஞ்சம் துரு மிஞ்சியிருந்தாலும் வார்னிஷின் கீழ் அது புழுவாய் ஊரும். பிறகு எடுக்கவும் முடியாது. மெழுகை மாதம் ஒருமுறை புதுப்பிக்கலாம். பெயின்ற் வேலைக்கு ஏற்றது தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் வீசும் வறண்ட மாதங்கள். கடலிலிருந்து காற்று வரும் நாளில் பூசினால் பிறைமருக்கு அடியில் உப்பையும் சேர்த்துப் பூசியதாகும்.

மிராவை முற்றாக விட்டுவிடவும் சொல்லவில்லை. ஹாண்டிலின் முன்னே ஓர் இலக்கத் தட்டு மாட்டுங்கள். ஹாரோ நிறுவனம் பிறந்ததே அதில்தான். பொப் ஹாரோ என்ற கலிபோர்னியா இளைஞர் 1978 வாக்கில் பந்தயச் சைக்கிள்களுக்கான இலக்கத் தட்டுகளை வரைந்து விற்கத் தொடங்கினார். 1982இல் வித்தைக்கென்றே வடிவமைத்த பிறேமை அதே பெயரில் வெளியிட்டார். தட்டில் மிராவுக்கு மரியாதையாக ஒரு நிறமோ வரியோ வைக்கலாம். எண் மட்டும் மாமாவுக்கு உரியதாக இருக்கட்டும். ஸ்டிக்கர்கள் கிழிந்திருந்தால், கழுவுவதற்கு முன்பே அவற்றின்மேல் எண்ணெய்த் தாள் வைத்து வரைந்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகைக்கு வினைல் வெட்டும் கடையில் அதே அளவில் வெட்டித் தருவார்கள். எஞ்சியிருக்கும் துண்டை உரிக்காமல், இல்லாத இடத்துக்கு மட்டும் புதியதை ஒட்டுங்கள்.

நினைவு நாளில் யாராவது ஓடப்போகிறார்கள் என்றால், தலைக்கவசம் இல்லாமல் ஏறவிடாதீர்கள். மிரா இறந்த பிறகு அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற நோய் இருந்தது தெரியவந்தது. 2016 மே மாதத்தில் குடும்பத்தினர் அதை வெளியிட்டார்கள். கவசம் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. எனவே பழகாத பையன்கள் மாமாவின் வித்தையை அன்றைக்கே செய்துகாட்ட வேண்டாம். திடலை ஒரு சுற்று ஓடிவந்தால் போதும். அந்தச் சுற்றுக்கு முன், சைக்கிளை முன்பின் தள்ளி இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா, ஹாண்டில் தண்டு முறுகாமல் நிற்கிறதா என்று முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே வைத்துப் பாருங்கள்.

எந்தப் பொருளையும் எடுப்பிக்க முதல் ஹாண்டில் தண்டின் தடிப்பு, பெடல் புரி, அச்சின் தடிப்பு மூன்றையும் அளந்து எனக்கு எழுதுங்கள். எதை வாங்குவது என்று அப்போதுதான் திட்டமாகச் சொல்ல முடியும். வாடை தொடங்க அதிக நாள் இல்லை. மற்றது எப்படிப் போனாலும், படம் எடுப்பதையும் உப்புக் கழுவுவதையும் இந்தக் கிழமையே முடித்துவிடுங்கள்.